பரண் மேல் சிபியு, பாரசீக இளவரசன்

பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டுகளின் முகத்தில் ‘டர்போ’ என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். பக்கத்திலேயே 33, 66 என்று ஒரு எண் மின்னும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன பிள்ளைகள் அந்தப் பொத்தானை ராக்கெட் விசையைப் பார்ப்பதுபோல் பயபக்தியோடு பார்த்தார்கள். உண்மையில் அது வேகத்தைக் கூட்ட வந்ததல்ல, குறைக்க வந்தது. முழு வேகத்தில் ஓடுவதுதான் அந்த மெஷினின் இயல்பு. பொத்தானை மாற்றி அழுத்தினால் வேண்டுமென்றே நடையைத் தளர்த்திக்கொள்ளும். மின்னும் எண்ணும் எதையும் அளந்து காட்டுவதில்லை. அதைப் பொருத்தியவர் பின்னால் குட்டிக் குட்டி ஜம்பர்களைச் செருகி என்ன எண்ணை வைத்தாரோ, அதுதான் தெரியும். 99 என்று வைத்திருந்தாலும் தட்டிக் கேட்க ஆளில்லை.

காசு கொடுத்து வாங்கிய வேகத்தை யாராவது குறைப்பார்களா? விளையாட வேண்டுமென்றால் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

1981-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் இருந்தது இன்டெல் 8088 ப்ராசசர். வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். சில வருடங்களுக்குப் பெரும்பாலான பிசிக்கள் அதே வேகத்தில் ஓடியதால், கேம் எழுதியவர்கள் பலர் நேரத்தைக் கணக்கிடக் கடிகாரத்தைத் தேடவில்லை. ப்ராசசரின் நடையையே தாளமாக வைத்துக்கொண்டார்கள். கனடாவின் விண்ட்மில் சாஃப்ட்வேர் 1983-ல் வெளியிட்ட ‘டிகர்’ அப்படி எழுதப்பட்டது. மண்ணைக் குடைந்து மரகதம் பொறுக்கும் விளையாட்டு. வேகமான மெஷினில் போட்டால் அதில் வரும் பூதங்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பாயும். விளையாடுகிறவர் விரலை எடுப்பதற்குள் கதை முடிந்துவிடும். 1990-ல் வந்த விண்வெளிப் போர் விளையாட்டு ‘விங் கமாண்டர்’ 386 ப்ராசசருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வேகமான 486-ல் அதையும் விளையாட முடியாது.

கேமோடு நின்ற நோயல்ல இது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பல புரோகிராம்கள் தொடங்கும்போதே, இந்த மெஷின் ஒரு நொடித்துண்டில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிப் பார்த்து வகுத்துக்கொள்ளும். 200 மெகாஹெர்ட்ஸ் தாண்டிய ப்ராசசர்கள் வந்தபோது விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுப் புரோகிராம் படுத்துவிட்டது. குற்றம் ஒன்றே ஒன்றுதான்: வந்த மெஷின் அளவுக்கு மீறி வேகமாக இருந்தது.

ஆகவே பழைய கேம் விளையாடக் கம்ப்யூட்டர் தேடுகிறவர், எந்த மெஷின் மலிவாகக் கிடைக்கும் என்று தொடங்கக் கூடாது. எந்த கேம் விளையாடப் போகிறோம் என்று தொடங்க வேண்டும். காலை அளந்துவிட்டுத்தான் செருப்புக் கடைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்த பலருக்கு இதற்கான பதில் உதட்டிலேயே இருக்கும்: டேவ், பிரின்ஸ் என்று செல்லமாகச் சொன்ன ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. ‘டேஞ்சரஸ் டேவ்’ விளையாட்டை ஜான் ரொமேரோ 1988-ல் ஆப்பிள் 2-க்காக எழுதினார். டாஸ் வடிவம் 1990-ல் வந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடும் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனைப் படைத்தவர்தான், பின்னால் ‘டூம்’ விளையாட்டை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேரின் நிறுவனர்களில் ஒருவர். நடுவே ஒரு ருசியான சம்பவம் உண்டு. 1990 செப்டம்பரில், அமெரிக்காவின் லூயிசியானாவில் ரொமேரோவோடு வேலை பார்த்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் ராவோடு ராவாக ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’ விளையாட்டின் முதல் கட்டத்தை பிசியில் அப்படியே எழுதினார்கள்; மரியோ நின்ற இடத்தில் டேவை நிறுத்தினார்கள். வேடிக்கைக்காகச் செய்ததுதான். ஆனால் அன்றைய பிசியால் நின்டெண்டோவைப் போலத் திரையை வழுக்கிக்கொண்டு நகர்த்த முடியாது. திரை முழுவதையும் திரும்ப வரையாமல், மாறிய கட்டங்களை மட்டும் வரைந்தால் போதும் என்று கார்மாக் கண்டுபிடித்த தந்திரம்தான் அதைச் சாத்தியமாக்கியது. அந்தக் காலத்து கேம் எல்லாம் இப்படித்தான். மெஷினின் எலும்பு எங்கே இருக்கிறது, மூட்டு எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டு எழுதியவை. அந்த எலும்பு இல்லாத இடத்தில் அவை நிற்கத் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

1993 டிசம்பர் 10-ல் வெளியான ‘டூம்’ ஒரு 386-ஐயும் 4 எம்பி ராமையும் கேட்டது. மரியாதையாக விளையாட 486 வேண்டியிருந்தது. எண்பதுகளின் கேம்களுக்கு 286, 386. தொண்ணூறுகளின் முதல் பாதிக்கு 486 அல்லது ஆரம்ப கால பென்டியம். அதற்குப் பிறகு விண்டோஸ் 95, 98 கேட்டு வந்தவற்றுக்குப் பென்டியம் 2 அல்லது 3. இது கோடு கிழித்தாற்போல் பிரியும் கணக்கல்ல, தோராயம்தான். ‘ரோட் ராஷ்’, ‘கிளா’, ‘ப்ராஜெக்ட் ஐஜிஐ’ என்று ஏங்குகிறவர் 486 தேடி அலைய வேண்டாம். ‘டிகர்’ மேல் ஆசை வைத்தவர் பென்டியம் 3 வாங்கி ஏமாற வேண்டாம்.

ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. 1998-ல் இன்டெல் கொண்டுவந்த 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பழைய சவுண்ட் கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும். பென்டியம் 3 போடலாம். விண்டோஸ் 98-ம் ஓடும், டாஸும் ஓடும். மெஷின் அளவுக்கு மீறி வேகமாக இருந்தால் பயாஸுக்குள் போய் ப்ராசசரின் கேஷ் நினைவகத்தை அணைத்துவிடலாம். அணைத்த மறுகணம் அது ஒரு பழைய 386, 486 அளவுக்குத் தவழத் தொடங்கும். டர்போ பொத்தான் போன பிறகு அதன் வேலையைச் செய்ய வந்த ஏற்பாடு இது. முதன்முறை இறங்குகிறவருக்கு இதைவிடச் சௌகரியமான போர்டு இல்லை. அசல் 486-தான் வேண்டும் என்ற பிடிவாதம் இரண்டாவது மெஷினுக்கு இருக்கட்டும்.

கிடைப்பது எங்கே? சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, காயலான் கடைகள், மூடப்பட்ட அலுவலகங்களின் ஏலம், சொந்தக்காரர் வீட்டுப் பரண். இதில் பரண்தான் நம்பகமானது. 486, 386 இப்போது குதிரைக் கொம்பு. பீங்கான் உடம்பும் தங்க முலாம் பூசிய கால்களும் கொண்ட அந்தக் கால ப்ராசசர்களில் ஏராளமானவை உலகம் முழுக்கத் தங்கத்துக்காகவே உருக்கப்பட்டுவிட்டன. பென்டியம் 3, பென்டியம் 4 காலத்து அலுவலகப் பெட்டிகள் இன்னும் கண்ணில் படும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் எல்லோரும் செய்யும் முதல் தப்பு, பிளக்கைச் செருகி ஆன் செய்வது. வேண்டாம். முதலில் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்-ஸில் சிவப்பாக ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115, 230 என்று இரண்டு நிலை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் அது 115-ல் இருந்தால், நம் ஊர் கரண்ட் பட்டதும் உள்ளே பட்டாசு வெடிக்கும். 486 காலத்து ஏடி வகை கேபினெட்டுகளில் இன்னொரு ஆபத்து: முன்பக்கப் பவர் பொத்தானுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டரும் அதில் இரண்டு துண்டாக இருக்கும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு காலி. இரண்டு துண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதுதான் மெக்கானிக்குகள் மனப்பாடமாக வைத்திருந்த விதி.

அடுத்தது பேட்டரி. 386, 486 போர்டுகளில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி. அது வயதானால் கசியும். கசிந்த காரம் போர்டின் செம்புக் கோடுகளைக் கரையான் மாதிரி அரித்துக்கொண்டு போகும். பார்த்தவுடன் வெட்டி எடுத்துவிட வேண்டும். பச்சை பூத்த இடத்தை வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்து, காரம் அடங்கியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். பென்டியம் காலத்துக்குப் பிறகு வந்த போர்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. ரூபாய் நாணயம் போன்ற 2032 பேட்டரிதான், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2000-க்குப் பிறகு சில ஆண்டுகள் வந்த போர்டுகளில் தரமில்லாத கெபாசிட்டர்கள் உப்பிப்போவது பெரிய கொள்ளைநோயாகவே இருந்தது. தலை உப்பலாகவோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுவதே நல்லது.

ராம் ஸ்டிக்கையும் கார்டுகளையும் கழற்றி, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகும் வைத்தியம் இன்றும் பலிக்கிறது. கேபினெட் மஞ்சளாகிவிட்டதே என்று சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் காய வைத்து வெளுக்கிறார்கள். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, செய்யலாம். செய்யாவிட்டாலும் கேம் ஓடும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் பழைமைப் பற்று கூடாது. முப்பது வருடம் சுற்றிய டிஸ்க் எந்த நேரமும் கையை விரிக்கும். அதற்குப் பதில் கேமராக்களில் போட்ட காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் பேசும் மொழியே அந்தக் கார்டுக்கும் தெரியும் என்பதால், ஒரு சின்ன அடாப்டர் போதும். கேம்களை இன்றைய லேப்டாப்பிலேயே கார்டில் ஏற்றி எடுத்துவந்து செருகிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் பெரிய கார்டாக வாங்கிவிடக் கூடாது. பல 486 பயாஸ்களுக்கு 528 எம்பிக்கு மேல் எண்ணத் தெரியாது, எம்எஸ்-டாஸ் 6.22 ஒரு பிரிவில் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. 2 ஜிபி என்றால் இன்று ஒரு கல்யாண வீடியோவுக்குப் போதாது. அன்றைய டாஸ் கேம்களை அதில் ஊர்ப்பட்டது அடைக்கலாம். கார்டில் ஒரே ஒரு குறை. ஹார்ட் டிஸ்க்கின் கரகர சத்தம் வராது. அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதவர்களுக்காக, டிஸ்க் விளக்கு மின்னும்போதெல்லாம் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் குட்டி போர்டு ஒன்றைக்கூடச் செய்து விற்கிறார்கள்!

பிளாப்பி டிரைவுக்கும் மாற்று உண்டு. கோடெக் என்ற சீனப் பெட்டி, பிளாப்பி டிரைவின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பென் டிரைவில் இருக்கும் பிளாப்பி நகல்களை ஒவ்வொன்றாக மெஷினுக்கு நீட்டும். எம்பிராய்டரி மெஷின், இசைக் கீபோர்டு மாதிரியான பழைய சாதனங்களுக்காக விற்கப்பட்ட பொருள் கேம் பிரியர்கள் கைக்கு வந்துவிட்டது. மூன்று பிளாப்பியில் வரும் எம்எஸ்-டாஸ் 6.22-ஐ அதிலிருந்தே நிறுவிவிடலாம். பழைய டாஸ் கிடைக்காவிட்டால், ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 1994-ல் தொடங்கிய ஃப்ரீடாஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

இவ்வளவும் முடிந்து, கறுப்புத் திரையில் ‘சி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் கண் சிமிட்டும்போதுதான் நிஜமான தலைவலி தொடங்குகிறது. கேமின் பெயரைத் தட்டினால், போதிய நினைவகம் இல்லை என்று பதில் வரும். மெஷினிலோ 16 எம்பி, 32 எம்பி என்று ராம் வழிந்து கிடக்கிறது. பிறகென்ன இல்லை?

பழைய 8088-ஆல் மொத்தமே 1 எம்பி வரைதான் எண்ண முடியும். அந்த வீட்டில் கீழே 640 கேபியைப் புரோகிராம்களுக்கு விட்டு, மேலே 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் ஐபிஎம் ஒதுக்கியது. பிறகு ப்ராசசர்கள் வளர்ந்து நினைவகம் மாடி மாடியாக உயர்ந்தபோதும், டாஸ் மட்டும் அந்த 640 கேபி கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. ஒண்டுக் குடித்தனம்தான். டாஸ் ஒரு மூலையில், மவுஸ் டிரைவர் ஒரு மூலையில், சிடி டிரைவர் ஒரு மூலையில் பாயை விரித்தால், கேம் வந்து படுக்க இடமில்லை. சில கேம்கள் கூடத்தில் 600 கேபிக்கு மேல் காலியாக இருந்தால்தான் உள்ளேயே வரும்.

நம் வீடுகளில் இடம் போதாதபோது என்ன செய்வோம்? சாமானைப் பரணில் ஏற்றுவோம். அதையேதான் இங்கும் செய்ய வேண்டும். மெஷின் தொடங்கும்போது டாஸ் படிக்கும் இரண்டு கோப்புகள் உண்டு: கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட். முதல் கோப்பில் ஹைமெம்.சிஸ் என்ற வரியைச் சேர்த்தால் மொட்டை மாடிக் கதவு திறக்கும். இஎம்எம்386 என்ற வரி, 640-க்கும் 1024-க்கும் நடுவே மேல்பகுதியில் காலியாகக் கிடக்கும் சந்துகளைப் பரணாக மாற்றித் தரும். ‘டாஸ்=ஹை, யுஎம்பி’ என்று எழுதினால் டாஸ் தன் மூட்டை முடிச்சில் பாதியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். மவுஸ், சிடி டிரைவர்களை ‘லோட்ஹை’ போட்டுப் பரணுக்குத் தள்ளலாம். எது முதலில் ஏறுகிறது என்பதைப் பொறுத்து இடம் மிஞ்சும், மிஞ்சாது; பெரிய அண்டாவை முதலில் வைத்தால் சின்னச் சொம்புகள் இடுக்கில் நுழைந்துவிடும் அல்லவா, அதே கதைதான். எம்எஸ்-டாஸ் 6-ல் மெம்மேக்கர் என்ற கருவி இந்த அடுக்கலைத் தானே செய்து பார்க்கும். கைதேர்ந்தவர்கள் அதை நம்புவதில்லை. நாலு கேபி மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்கத் தாங்களே உட்கார்ந்து வரிகளை மாற்றிப் போடுவார்கள்.

இதிலும் ஒரு முரண்டு. 1992-ல் வந்த ‘அல்டிமா 7’, நினைவகத்தைத் தானே தன் பாணியில் ஆண்டுகொள்ளும் கேம். பரண் கட்டித்தரும் இஎம்எம்386 உள்ளே இருந்தால் அது ஓடவே ஓடாது. ஒருவருக்குப் பரண் வேண்டும், இன்னொருவருக்குப் பரணே ஆகாது. அதனால்தான் டாஸ் 6-ல் வந்த தொடக்க மெனு வரப்பிரசாதமாக இருந்தது: மெஷினை ஆன் செய்ததும் எந்த ஏற்பாட்டில் தொடங்கலாம் என்று அது கேட்கும். ‘டூம்’ மாதிரியான கேம்கள் இந்த வம்பே வேண்டாமென்று டாஸ்4ஜிடபிள்யூ என்ற துணைப் புரோகிராமைக் கையோடு கொண்டுவந்து, நேராக மாடிக்கே குடிபோய்விட்டன.

அடுத்தது சத்தம். பிசியோடு பிறந்த ஸ்பீக்கருக்கு ‘பீப்’ என்று கத்த மட்டுமே தெரியும். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆட்லிப் நிறுவனம் 1987-ல் யமஹாவின் ஒன்பது குரல் சிப் ஒன்றை வைத்து இசைக் கார்டு போட்டது. இரண்டு வருடத்தில் அதற்குப் போட்டி சிங்கப்பூரிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சின்னக் கடையாக 1981-ல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டது. ஆட்லிப் செய்வதையெல்லாம் அது செய்தது. பதிவு செய்த குரலையும் வெடிச் சத்தத்தையும் பேச வைத்தது. ஜாய்ஸ்டிக் செருக இடமும் கொடுத்தது. ஆட்லிப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதன் பிறகு டாஸ் கேம் எழுதிய கிட்டத்தட்ட எல்லோரும் சவுண்ட் பிளாஸ்டரை மனதில் வைத்தே எழுதினார்கள்.

எந்த கேமை நிறுவினாலும் செட்டப் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு அந்தத் தலைமுறை தூக்கத்திலும் பதில் சொல்லும்: 220, 5, 1. முதல் எண் கார்டு குடியிருக்கும் முகவரி. இரண்டாவது, வேலை முடிந்ததும் ப்ராசசரைக் கூப்பிட அது அடிக்கும் அழைப்பு மணி. மூன்றாவது, ப்ராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து ஒலியைத் தூக்கிவரும் பின்வாசல். அழைப்பு மணியில் 7-ஐ வைத்தால் பிரிண்டர் போர்ட்டும் அதே மணியைத்தான் அடிக்கும். ஒன்றிருக்க ஒன்று வேலை செய்யாமல் போகலாம். ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் பல கேம்கள் கேட்காமலேயே தெரிந்துகொள்ளும். பின்னால் வந்த பிசிஐ கார்டுகளுக்கு இந்த முகவரிப் பழக்கம் இயல்பாக இல்லை. அவற்றோடு டாஸ் கேம்கள் பெரும்பாலும் ஊமைதான். மதர்போர்டு வாங்கும்போதே ஐஎஸ்ஏ ஸ்லாட்டைத் தேடச் சொல்வது இதற்காகத்தான். அசல் கார்டு கிடைக்காதவர்களுக்காக, கட்டைவிரல் அளவு ராஸ்பெர்ரி பை பிக்கோவை வைத்து பல பழைய கார்டுகளைப் போலப் பேசும் புதிய ஐஎஸ்ஏ கார்டும் இப்போது இருக்கிறது.

திரையைப் பொறுத்தவரை, கனமான பழைய சிஆர்டி மானிட்டர்தான் அழகு. அன்றைய கேம்கள் பெரும்பாலும் 320-க்கு 200 புள்ளியில், 256 நிறத்தில், 4-க்கு 3 என்ற அளவுத் திரைக்காக வரையப்பட்டவை. அகலத் திரை எல்சிடியில் போட்டால் இளவரசன் தொப்பை போட்டுவிடுவான், விளிம்புகளும் மங்கலாகும். சிஆர்டியின் உள்ளே மட்டும் யாரும் கையை விட வேண்டாம். நிறுத்திய பிறகும் அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

விண்டோஸ் 98 பக்கம் போகிறவர்களுக்கு வூடூ என்ற பெயர் காதில் விழும். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த முதல் வூடூ கார்டுக்கு முப்பரிமாணப் படம் வரைவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. சாதாரணத் திரைக்குத் தனிக் கார்டு வேண்டும். அதிலிருந்து வெளியே ஒரு ஒயரை இழுத்து வூடூவுக்குள் விட்டு, அங்கிருந்து மானிட்டருக்குக் கொடுக்க வேண்டும். கிளைடு என்ற அதன் சொந்த மொழியில் எழுதிய கேம்கள் அந்தக் கார்டில்தான் ஜொலித்தன. 2000 டிசம்பரில் அந்த நிறுவனம் என்விடியாவிடம் தன்னை விற்றுக்கொண்டது. கார்டுகளுக்கு இன்று கிராக்கி. விண்டோஸ் 98-லும் ‘அதிகம் இருந்தால் நல்லது’ என்ற கணக்கு செல்லாது. 512 எம்பிக்கு மேல் ராம் போட்டால், நினைவகம் போதவில்லை என்று புலம்பும்.

மெஷின் தயார், கேமும் ஓடுகிறது என்று நினைக்கும்போது இன்னொரு பூட்டு. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் டாஸ் வடிவத்தில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும், குப்பிகளும், மேலே எழுத்துகளும். மேனுவலில் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில் எந்த எழுத்து என்று பார்த்து, அந்தக் குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். திருட்டு நகலைத் தடுக்க வைத்த காவல். 1990-ல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டுக்கு அட்டையில் சுழலும் கடற்கொள்ளையர் சக்கரமே கொடுத்தார்கள். பெட்டியோடு வந்த காகிதங்களை எடைக்குப் போட்டவர்கள் இங்கேதான் தலையில் கை வைக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபடாமல் விளையாட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2002-ல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய மெஷினை அதன் சவுண்ட் பிளாஸ்டரோடு சேர்த்துப் பாவனை செய்கிறது. இரண்டு விசையைத் தட்டி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். போலந்திலிருந்து 2008 முதல் இயங்கும் ஜிஓஜி தளம், பழைய கேம்களை உரிமையோடு விற்கும்போது பெரும்பாலும் இதைத்தான் உள்ளே வைத்துக் கொடுக்கிறது. ‘பிரின்ஸ்’ ஒருமுறை விளையாடிப் பார்த்தால் போதும் என்பவருக்கு இதுவே தாராளம். நூறு ரூபாய்க்குக் காயலான் கடை, ஆயிரம் ரூபாய்க்கு ஆட்டோ என்று அலைய வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவரும் ஜம்பரும் பிடிக்கும் கைகளுக்குத்தான் அந்தப் பெட்டி.

பெட்டி உயிர் பெற்றதும் விளையாட உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு: வீட்டில் கிடக்கும் பழைய பிளாப்பிகளை உடனே நகல் எடுப்பது. ஈரக்காற்று அடிக்கும் ஊரில் அவற்றில் பூஞ்சை பிடிக்கும். காந்தப் பூச்சும் வருடத்துக்கு வருடம் மங்கும். கடைசிவரை பிளாப்பி விற்றுக்கொண்டிருந்த சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

‘பிரின்ஸ்’ எழுதிய ஜோர்டன் மெக்னருக்கே இந்தக் கவலை வந்தது. தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்துதான் அவர் இளவரசனை உருவாக்கினார். ஆப்பிள் 2-ன் நினைவகத்தில் வில்லனுக்கு இடமில்லாமல் போனபோது, இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி நகர்த்தித் தன்மேலேயே வரைந்து நிழல் மனிதனை வரவழைத்தார். 1989-ல் வெளியான அந்த விளையாட்டின் மூல நிரல் பிறகு எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. பல வருடம் தேடியும் கிடைக்கவில்லை. 2012-ல் நியூயார்க்கில் அவருடைய அப்பா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பின்னால் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது, உள்ளே பிளாப்பிகள். பழைய ஆப்பிள் மெஷின்களைப் பாதுகாத்து வைத்திருந்தவர்கள் வந்து, டிரைவ்களை இணைத்து, ஒவ்வொன்றாகப் படித்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இருட்டில் கிடந்த நிரல் முழுசாக வந்தது. மெக்னர் அதை எல்லோரும் படிக்கும்படி பொதுவில் வைத்துவிட்டார். பெட்டியைக் கண்டெடுத்த அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர்தான், அந்த விளையாட்டுக்கு இசை அமைத்தவர்.